சாய்வாக உறைந்த மாம்பழ புட்டிங்

அம்மா மறுபடியும் கல்யாணம் செய்துகொள்ள நினைப்பதை என்னிடம் சொன்ன இடம் ஊரப்பாக்கம் ரயில் நிலையத்தின் நடைமேம்பாலம். அப்போது அவள் செங்கல்பட்டில் ஒரு தனியார் மருத்துவமனையில் வார்டு உதவியாளராக இருந்தாள். நான் தாம்பரத்தில் மூக்குக் கண்ணாடிக் கடை ஒன்றில் வேலை பார்க்கிறேன். அவள் வண்டி ஒரு பக்கமிருந்து வரும், என் வண்டி எதிர்ப்பக்கமிருந்து வரும். யார் முதலில் இறங்கினாலும் மற்றவள் வரும்வரை நின்று, சேர்ந்தே வீட்டுக்கு நடப்போம். மேம்பாலத்தின் பாதிப் படியில் அம்மாவுக்கு முட்டி வலிக்கும். அங்கே நின்று மூச்சு வாங்கிக்கொள்வாள். அன்றும் அப்படித்தான் நின்றாள். கையில் முருங்கைக்கீரைப் பை.

“உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். திட்டக் கூடாது” என்றாள்.

அம்மா என்னிடம் அனுமதி கேட்கிற குரலில் பேசி நான் கேட்டதில்லை. கீழே மின்சார ரயில் ஒன்று கிளம்பி, அதன் சத்தம் முழுவதும் ஓய்கிற வரை அவள் காத்திருந்தாள். பிறகு கைப்பிடிக் கம்பியைப் பார்த்துக்கொண்டே அவரைப் பற்றிச் சொன்னாள்.

அவர் திருவிடந்தைக்காரர். ஐஸ் ஃபேக்டரியிலிருந்து ஐஸ் ஏற்றிக்கொண்டு, கோவளத்திலிருந்து கடப்பாக்கம் வரை ஒவ்வொரு மீனவர் குப்பத்திலும் இறக்கிவிட்டு வருகிற சின்ன வண்டி ஒன்று வைத்திருக்கிறார். மனைவி இறந்து பல வருடங்கள் ஆகின்றன. ஒரே மகளைக் காஞ்சிபுரத்தில் கட்டிக்கொடுத்துவிட்டார். அவருடைய அக்கா சர்க்கரை நோயில் கால் புண் ஆறாமல் அம்மாவின் வார்டில் நீண்ட நாள் படுத்திருந்தார். இவர் வேலை முடித்து நேராக வந்து, அக்காவுக்குச் சோறு ஊட்டிவிட்டு, பக்கத்துக் கட்டில்காரர்களுக்கும் தண்ணீர் பிடித்து வைப்பாராம். வார்டில் எல்லாரும் அம்மாவை ஆயா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் ஒருவர்தான் சிஸ்டர் என்று கூப்பிட்டார். அம்மாவுக்கு அது பிடித்திருந்தது. பிறகு, விஷயம் இந்த இடத்துக்கு வந்தபோது, அந்த வார்த்தையே தொல்லையாகிவிட்டது.

“மொதல்ல சிஸ்டர்னு கூப்புடறத நிறுத்துங்கன்னு சொன்னேன்” என்றாள் அம்மா. சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்பா மாரடைப்பில் போனபோது நான் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். தம்பி சின்னப் பையன். அன்றிலிருந்து அம்மா எங்களுக்காகச் செய்தவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அது அவளுக்கே பிடிக்காது. அந்தப் படியில் நின்றபோது எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: அம்மாவுக்கு வெட்கப்படத் தெரியும் என்பதே இத்தனை நாள் எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. நான் கீரைப் பையை வாங்கிக்கொண்டேன். மீதிப் படிகளை மெதுவாக ஏறினோம்.

தம்பி அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. அவன் மறைமலைநகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறான். சிங்கபெருமாள்கோயிலில் நண்பர்களோடு அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். அம்மா போனில் சொன்னதும், “அக்காவுக்கே இன்னும் கல்யாணம் முடியல. அதுக்குள்ள உனக்கு இன்னா?” என்று கேட்டிருக்கிறான். அவர் கோயிலுக்குப் போகிறவர், நாம் சபைக்குப் போகிறவர்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னானாம். அம்மா கோபப்படவில்லை. சரிப்பா என்று சொல்லி வைத்துவிட்டாள். அதன் பிறகு வீட்டில் அந்தப் பேச்சே எழவில்லை. திருவிடந்தைக்காரரின் போன் வந்தாலும் எடுக்காமல் அடிக்கவிட்டு, முகத்தை மாற்றிக்கொள்ளாமல் வெங்காயம் நறுக்குவாள்.

அதுவரை இந்தக் கல்யாணம் எனக்குச் சம்மதமா இல்லையா என்று எனக்கே சரியாகத் தெரிந்திருக்கவில்லை. தம்பி என்னைக் காரணமாகச் சொன்னான் என்று தெரிந்தபோதுதான் தெரிந்தது. எனக்கு வரன் அமையாததற்கு எத்தனையோ காரணங்கள். அவற்றில் எதற்கும் அம்மா பொறுப்பில்லை. நான் அவனைக் கூப்பிட்டு, என் பெயரைச் சொல்லி அம்மாவை நிறுத்தி வைக்காதே, அது எனக்குத்தான் பாரம் என்றேன். ஒரு தடவை வந்து அந்த மனிதரைப் பார், பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்று சொல், கேட்டுக்கொள்கிறேன் என்றேன். அவன் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

நான் சொன்னதால் அம்மாவும் மறுபடி அவர் போனை எடுத்து வரச் சொன்னாள். அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு ஏற்பாடானது. மே மாதம், கத்திரி வெயில். எங்கள் வீடு மாடியில் இருக்கிறது, அதற்கு மேலே மொட்டைமாடி. பகலெல்லாம் காய்ந்த தளம் ராத்திரி வரை எங்கள் தலையில் சூட்டை இறக்கிக்கொண்டே இருக்கும். அம்மா கோழிக் குழம்பு வைப்பதாகச் சொன்னாள். பிரியாணி வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்தாள். பிரியாணி செய்தால் தன்னைக் காட்டிக்கொள்வது போல இருக்குமாம். இனிப்பாக ஏதாவது இருக்கட்டும், பாயசம் வைக்கலாமா என்று கேட்டேன்.

“இந்த வெயில்ல அடுப்பாண்ட நின்னா நானே பாயசமா பூடுவேன்” என்றாள்.

கடையில் கண் பரிசோதனை செய்யும் அக்கா செங்கல்பட்டு மார்க்கெட் பக்கம் இருப்பவர். ரம்ஜானுக்கும் பக்ரீத்துக்கும் எங்களுக்கெல்லாம் டப்பாவில் எதையாவது கொண்டுவருவார். ஒருமுறை மாம்பழ புட்டிங் கொண்டுவந்தார். அடியில் பிஸ்கட், மேலே மாம்பழமும் தயிரும், ஜில்லென்று. தயிர் என்று சொன்னால்தான் தெரியும். அடுப்பே வேண்டாம், வெண்ணெய் உருக்க மட்டும் ஒரு நிமிஷம் போதும் என்று அவர் சொன்னது நினைவில் இருந்தது. வருகிறவர் யார் என்று சொல்லாமல் செய்முறையை மட்டும் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, யாருக்கு என்று கேட்காமல், தன் கண்ணாடி ட்ரேயையும் கொண்டுவந்து கொடுத்தார். என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று நினைத்திருப்பார்.

சனிக்கிழமை சாயங்காலம் ஆரம்பித்தேன். மேரி பிஸ்கட்டை உறைக்குள்ளேயே வைத்து சப்பாத்திக் கட்டையால் உருட்டி ரவை போலப் பொடித்தேன். உருக்கிய வெண்ணெயை ஊற்றிப் பிசைந்து ட்ரேயின் அடியில் பரப்பி, டம்ளரின் அடிப்பக்கத்தால் அழுத்தினேன். கெட்டித் தயிரை வெள்ளைத் துணியில் கட்டிக் குழாயில் தொங்கவிட்டேன். தண்ணீர் சொட்டுச் சொட்டாக சிங்கில் விழுந்தது. அம்மா பாத்திரம் துலக்க வந்து, அந்த மூட்டையைப் பார்த்து, குழாயைத் திறக்கத் தயங்கி, பாத்திரங்களைக் குளியலறைக்குத் தூக்கிக்கொண்டு போனாள்.

காலையில் சபைக்குக் கிளம்பும் முன் பங்கனப்பள்ளிப் பழங்களைத் தோல் சீவினேன். அம்மா கொட்டையைச் சூப்பிக்கொண்டே பக்கத்தில் நின்றாள். சீவிய சதையை மிக்சியில் மசித்து, வடிந்த தயிரோடும் டின்னில் வருகிற இனிப்புப் பாலோடும் கலந்தேன். அடித்து அடித்து அது மஞ்சள் நிறத்தில், கரண்டியிலிருந்து தடிமனாக இறங்கியது. அம்மா ஒரு விரலால் தொட்டு நக்கினாள். “பழம் போதும். இனிப்பக் கொற. அவருக்கு இனிப்பு அவ்ளோ ஆவாது” என்றாள். அவருக்கு என்ன ஆகும், ஆகாது என்பதெல்லாம் அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. நான் தலையை நிமிர்த்தாமல் சரி என்றேன். பிஸ்கட்டின் மேல் அதை ஊற்றி, மேலே மெல்லிய துண்டுகளாக மாம்பழத்தை அடுக்கி, ட்ரேயை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் போனோம்.

ஆராதனை முடிந்து வந்தபோது தெருவில் ஆட்கள் வெளியே நின்றிருந்தார்கள். டிரான்ஸ்பார்மர் போய்விட்டதாம். நாங்கள் கிளம்பிய உடனேயே வெடித்ததாம். சாயங்காலம்தான் கரண்டு வரும் என்றார்கள்.

ஃப்ரிட்ஜைத் திறந்தேன். உள்ளே குளிர் என்று சொல்ல எதுவும் இல்லை. ட்ரேயை லேசாக அசைத்ததும் மேலிருந்த மாம்பழத் துண்டுகள் மெதுவாக நகர்ந்தன. வெறும் மாம்பழ மோர். அம்மா அதைப் பார்த்துவிட்டு, புடவை மாற்றாமலே சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“வாணாம்னு காட்டுதோ இன்னாமோ” என்றாள்.

டிரான்ஸ்பார்மருக்கும் உன் கல்யாணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். அந்த நேரத்தில்தான் அவர் போன் வந்தது. கிளம்பிவிட்டேன், வரும் வழியில் ஏதாவது வாங்கி வரட்டுமா என்று கேட்டார். அம்மா ஒன்றும் வேண்டாம் என்றாள். கரண்டு இல்லை, புழுக்கமாக இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றாள். கடைசியில், வைக்கப்போகும் நேரத்தில், பாப்பா ஆசையாகக் குளிர்ச்சியாக ஏதோ செய்து வைத்திருந்தாள், அது வீணாகிவிடும் போலிருக்கிறது என்று சொன்னாள். மறுமுனையில் அவர் சரி என்று மட்டும் சொன்னார்.

சொன்ன நேரத்துக்கு அவர் வரவில்லை. தம்பிதான் முதலில் வந்தான். ஷிப்ட் இல்லாத நாள், ஆனாலும் வேலைக்குப் போய் வந்தவன் முகத்தோடு வந்தான். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா தண்ணீர் கொடுத்தாள், குடித்தான். வீட்டில் விசிறி சுற்றாதபோது எத்தனை சத்தங்கள் கேட்கின்றன என்று அன்றுதான் கவனித்தேன். பக்கத்து வீட்டு ரேடியோ, எதிர்வீட்டுக் குழந்தையின் சிணுங்கல், அம்மாவின் வளையல்.

கீழே ஒரு சின்ன வண்டி வந்து நின்றது. நான் எட்டிப் பார்த்தேன். ஒல்லியான, கறுத்த மனிதர் ஒருவர் இறங்கி, வண்டியின் பின்பக்கத்திலிருந்து சாக்கு சுற்றிய பெரிய தெர்மோகோல் பெட்டி ஒன்றை இழுத்துக்கொண்டிருந்தார். கழுத்து வரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டை. பெட்டி கனம். இரண்டு முறை தூக்கிப் பார்த்து, மறுபடி கீழே வைத்தார். தம்பியும் ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து, செருப்பு மாட்டிக்கொண்டு இறங்கிப் போனான்.

இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அதை மாடிக்குக் கொண்டுவந்தார்கள். வாசலில் அவர் நின்றுவிட்டார். சட்டையின் முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது.

“ஈரமா கீது. உள்ள வர்லாமா?” என்று கேட்டார். அம்மாவைப் பார்த்து இல்லை, என்னைப் பார்த்து.

வாங்க என்றேன். பெட்டி புதியது, மீன் வைத்ததில்லை என்று உள்ளே வந்ததும் முதலில் சொன்னார். அதற்காகத்தான் கோவளம் வரை திரும்பிப் போயிருக்கிறார், அதனால்தான் தாமதம். “ஆனா இது மீனுக்குப் போடற ஐஸு. வாய்ல போடக் கூடாது. சுத்தி வச்சிக்கலாம்” என்றார். உறையுமா என்று கேட்டேன். தெரியாது, வைத்துப் பார்ப்போம் என்றார். ட்ரேயைத் தட்டால் மூடி, பாலித்தீன் பையில் போட்டுக் கட்டினேன். நொறுக்கிய ஐஸை அவர் கையாலேயே ஒதுக்கிக் குழி செய்தார். தம்பி ட்ரேயை இறக்கினான். சீக்கிரம் உறையக் கல்லுப்பைத் தூவி, மேலும் ஐஸை அள்ளி மூடினார்கள். எங்கள் கூடத்தில் அவ்வளவு ஐஸை நான் பார்த்ததில்லை. திறந்திருந்த கொஞ்ச நேரத்திலேயே அதன் குளிர் காலில் பட்டது. அம்மா சமையலறை வாசலில் நின்று நாங்கள் மூன்று பேரும் பெட்டிக்கு முன்னால் குனிந்திருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு சாப்பிட்டோம். நான் பழைய காலண்டர் அட்டையால் விசிறினேன். அவர் அதிகம் பேசவில்லை. குழம்பு நன்றாக இருக்கிறது என்று ஒருமுறை சொன்னார். அம்மாவைப் பார்க்காமலே, அவள் தட்டில் சோறு குறைந்திருப்பதைக் கவனித்து, பாத்திரத்தை அவள் பக்கம் நகர்த்தினார். தம்பி தலை குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் எதிர்பார்க்காத நேரத்தில் அவன் பேசினான்.

“எங்கம்மாவுக்குக் காலைல படுக்கைலயே டீ வேணும். அப்பா போட்டுக் குடுப்பாரு. அப்புறம் நான் போட்டேன், இப்ப அக்கா போடுது. டீ குடிக்காம அது எந்திரிக்காது.”

அது கேள்வி இல்லை. ஆனாலும் அவர் கையிலிருந்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டு யோசித்தார்.

“நான் விடிகாலம் மூணுக்கே வண்டி எடுக்கணும் தம்பி. டீ போட்டுட்டுத்தான் போவேன். ஆனா ஆறிப் பூடும்.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “ஃப்ளாஸ்க்ல ஊத்தி கட்டிலாண்ட வச்சிட்டுப் போறேன்” என்றார்.

தம்பி சரி என்பது போலத் தலையை அசைத்துவிட்டு ரசம் கேட்டான். அம்மா எழுந்து சமையலறைக்குள் போனாள். ரசம் எங்கள் முன்னால்தான் இருந்தது. அவள் திரும்பி வர நேரமானது. நானே அவனுக்கு ரசம் ஊற்றினேன்.

சாப்பிட்டு முடித்து, பாத்திரங்களை ஒதுக்கி, கொஞ்ச நேரம் கழித்துப் பெட்டியைத் திறந்தோம். ஐஸ் கரைந்து ஒரு பக்கம் உள்வாங்கியிருந்தது. ட்ரேயை வெளியே எடுத்துத் தட்டை விலக்கினேன். உறைந்திருந்தது. ஆனால் பெட்டிக்குள் ட்ரே சரிந்து நின்றதால் புட்டிங்கும் சரிந்தே உறைந்திருந்தது. ஒரு ஓரத்தில் பிஸ்கட் தெரிகிற அளவுக்கு மெல்லிசு, மறு ஓரத்தில் ட்ரேயின் விளிம்பு வரை தடிமன். நான் அடுக்கிய மாம்பழத் துண்டுகள் எல்லாம் அந்தத் தடித்த ஓரத்தில் போய்க் குவிந்திருந்தன. ஐஸ் ஒட்டிய பக்கம் கல் மாதிரி, நடுவில் மட்டும் இளகல்.

அம்மா அதைப் பார்த்தாள். முதலில் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு சிரித்தாள். வாயை மூட முந்தானையைத் தேடியும் கிடைக்காமல், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளைப் பார்த்து அவரும் சிரித்தார். அவருக்கு முன்பல் ஒன்று இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. தம்பி சிரிக்கவில்லை. ஆனால் தடித்த பக்கத்தைக் காட்டி, எனக்கு இங்கிருந்து வெட்டு அக்கா என்றான்.

கிண்ணங்களில் போட்டுக் கொடுத்தேன். பிஸ்கட் அடிப்பக்கம் சற்று ஊறி, பல்லில் மெதுவாக உடைந்தது. மாம்பழத்தின் இனிப்புக்குப் பின்னால் தயிரின் லேசான புளிப்பு. அந்தப் புழுக்கத்தில், நெற்றியில் வேர்வை வழிய, தொண்டையில் அது இறங்கியபோது எல்லாரும் உடனே அடுத்த கரண்டியை எடுத்தோம். அவர் மிக மெதுவாகச் சாப்பிட்டார்.

“எத்தினி வருசமா ஐஸ் ஏத்தறேன். அதுலேர்ந்து மீனத் தவிர வேற ஒண்ணு வெளிய வந்து இப்பத்தான் பாக்கறேன்” என்றார்.

வெயில் தாழ்ந்ததும் அவர் கிளம்பினார். பெட்டியைத் தம்பியே தூக்கிக்கொண்டு போய் வண்டியில் ஏற்றினான். பிறகு மேலே வந்து, மீதமிருந்த புட்டிங்கை அறை நண்பர்களுக்கு என்று டிபன் டப்பாவில் போட்டுக்கொண்டான். வாசலில் செருப்பு மாட்டும்போது, அம்மாவைப் பார்க்காமல், “தேதிய முன்னாடியே சொல்லு. லீவு சொல்லணும்” என்றான்.

அம்மா சரிப்பா என்றாள். போனில் சொன்ன அதே வார்த்தை. கேட்க வேறு மாதிரி இருந்தது.

எல்லாரும் தம்பி மாதிரி இறங்கி வந்துவிடவில்லை. அம்மாவின் அண்ணன் வீட்டார் இன்றும் பேசுவதில்லை. சபையில் சிலர் எங்களோடு ஒரே வரிசையில் உட்காருவதை விட்டார்கள். சிலர், எதிர்பார்க்காதவர்கள், வீடு தேடி வந்து வாழ்த்தினார்கள். பதிவு அலுவலகத்தில் கல்யாணம் நடந்தது. அம்மா இளம்பச்சைப் புடவை கட்டியிருந்தாள். காஞ்சிபுரத்திலிருந்து அவர் மகள் குழந்தையோடு வந்திருந்தாள். என்னைவிடச் சின்னவள். என் கையைப் பிடித்துக்கொண்டு, நைனா தனியாக இருப்பதுதான் எனக்குக் கவலையாக இருந்தது என்றாள்.

அம்மா திருவிடந்தைக்குப் போனாள். கேளம்பாக்கத்தில் ஒரு கிளினிக்கில் வேலை மாற்றிக்கொண்டாள். அம்மா எங்கே என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்டால் திருவிடந்தை என்பேன். கல்யாணம் ஆகாதவர்கள் போய் மாலை வாங்கும் கோயில் ஊர் ஆயிற்றே, உனக்காக வேண்டிக்கொள்ளப் போயிருக்கிறாரா என்று கேட்பார்கள். இல்லை, கல்யாணமாகிப் போயிருக்கிறாள் என்று சொல்லும் தைரியம் எனக்கு வரக் கொஞ்ச காலம் பிடித்தது. இப்போது சட்டென்று சொல்கிறேன். அவர்கள் முகத்தைப் பார்க்க வேடிக்கையாகக்கூட இருக்கிறது.

முதல் சில வாரங்கள் கஷ்டமாகத்தான் இருந்தன. ரயில் நிலையத்தில் இறங்கிப் பழக்கத்தில் நின்றுவிடுவேன். எதிர்ப்பக்கத்து வண்டி வந்து, கூட்டம் கலைந்து, அதன் பிறகுதான் நடப்பேன். இப்போது கடையில் வேலை செய்யும் ஒரு பெண் என்னோடு தங்கியிருக்கிறாள். அவள் குறட்டை விடுவாள், நான் பொறுத்துக்கொள்கிறேன்.

அவரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று ரொம்ப நாள் தெரியவில்லை. அப்பா என்ற வார்த்தைக்கு எனக்கு ஒரு ஆள் உண்டு, அதை வேறு யாருக்கும் கொடுக்க முடியாது. என்னங்க, வாங்க, போங்க என்று முறை இல்லாமலே ஓட்டினேன். ஒருநாள் போனில், அம்மாவிடம் கொடுங்க என்று சொல்வதற்குப் பதிலாக, நைனா, அம்மாவாண்ட குடுங்க என்று வாய் சொல்லிவிட்டது. குடுக்கறேம்மா என்றார் அவர்.

போன வாரம் ஞாயிற்றுக்கிழமை அங்கே போயிருந்தேன். மாம்பழம் இன்னும் சரியாக வரவில்லை என்பதால் அம்மாவும் நானும் சப்போட்டாவில் புட்டிங் செய்து பார்த்தோம். ஃப்ரிட்ஜில் தட்டையாக, ஒழுங்காக உறைந்தது. நிறம்தான் சகிக்கவில்லை. ருசி பரவாயில்லை. சாப்பிட்டுவிட்டு அம்மா தரையில் பாயைப் போட்டுப் படுத்தாள். பேசிக்கொண்டிருக்கும்போதே கண் அசந்துவிட்டாள். வெளியே கடல் காற்று தென்னை மட்டைகளை அடித்துக்கொண்டிருந்தது. நைனா நாற்காலியில் உட்கார்ந்து டிவியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ சிக்சர் அடித்தார்கள், கூட்டம் கத்தியது. அவர் திரும்பி அம்மாவைப் பார்த்தார். எழுந்து ரிமோட்டைத் தேடினார். கிடைக்கவில்லை. டிவிக்குப் பக்கத்தில் போய், கண்ணாடி போடாத கண்ணைச் சுருக்கி, பின்பக்கம் இருந்த பொத்தான்களை ஒவ்வொன்றாகத் தடவி, சத்தத்தை முழுவதுமாகக் குறைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். மீதி ஆட்டத்தை நாங்கள் இருவரும் சத்தமில்லாமலே பார்த்தோம்.